டெய்லர் அக்கா கண்ணை எடுக்காத நேரம்

மேடையில் இருக்கும் மலைக்குழுச் செயலாளர் அவர்களே, எங்கள் லிப்ட் கம்பெனி மேலாளர் அவர்களே, மறைந்தவரின் மூத்த சகோதரர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே, வணக்கம்!

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். நான் எஞ்சினியர். எங்கே பழுது என்றுதான் பார்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த உச்சி அண்ணன்? வாரம் முழுக்கக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு நின்ற சீனியர் மெக்கானிக்! இலையுதிர் காலம் வந்துவிட்டால் லீவு நாளெல்லாம் மலையுச்சியில் நின்று, தெற்கே போகும் பருந்துகளை எண்ணிய குழுத் தலைவர்!

"எப்பப் பாரு மேலயே இருக்கீங்களே, கீழ ஒரு குடும்பம் இருக்கு, தெரியுமா?" என்று அண்ணி கேட்பார். "லிப்ட் ரிப்பேரும்மா, அதான் எறங்க முடியல" என்பார். அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பது?

பறவையை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். "ஒரு வருஷம் கொறஞ்சா, வடக்க எங்கயோ காடு போயிருக்குன்னு அர்த்தம். யாராச்சும் பாத்துச் சொல்லணும்ல, தம்பி?" என்றார். சம்பளமில்லாத வேலையில் எப்பேர்ப்பட்ட பொறுப்பு!

ஆனால் அவர் மலைக்கு ஒரு விதியையும் கொண்டுவந்தார். லிப்ட் குழிக்குள் ஒருவர் இறங்கியிருக்கும்போது, மேலே சுவிட்ச் அருகில் நிற்பவர் எது நடந்தாலும் நகரக் கூடாது. மலையிலும் அதே கதைதான். எண்ணும் முறை யாருடையதோ, அவர் எது நடந்தாலும் வானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தப்பவிட்ட கூட்டம் திரும்பி வராதே!

போன ஞாயிறு, முறை எங்கள் குழுவில் இருக்கும் டெய்லர் அக்காவுடையது. வெயில் ஏறி, பருந்துகள் சுழன்று சுழன்று எழும்பி, சாரை சாரையாகத் தெற்கே நழுவத் தொடங்கிய நேரம். உச்சி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார். நானும் எங்களோடு வந்திருந்த டிரைவர் அண்ணனும் தூக்கினோம். "அக்கா, ஓடி வாங்க!" என்று கத்தினேன். வரவில்லை. கன்னம் நனைந்திருந்தது, பைனாகுலர் இறங்கவில்லை. ஒரு பறவைக்கு ஓர் அழுத்தல். அக்கா கையிலிருந்த எண்ணும் கருவியின் டிக், டிக் பாதை திரும்பும்வரை எங்களைத் துரத்தியது. பாதி வழியில் அண்ணன் போய்விட்டார்.

"என் தம்பி சாகக் கெடக்கான், இவ பருந்த எண்ணிக்கிட்டு நின்னாளா?" என்று கேட்கிறார் பெரியவர். அக்கா இனி மலை ஏறக் கூடாது என்கிறார். செயலாளரும் தலையாட்டிவிட்டார். மூன்றாவது ஆள் கைகொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார். எனக்கும் தெரியாது. தெரியாமல் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஐயா, அந்த விதி யாருடையது? லிப்டில் அது உயிரைக் காக்கிறது. மலையில் எதைக் காத்தது? ஓர் எண்ணை! தவறென்றால் அது வைத்தவரின் தவறு, சரி சரி என்று கேட்டுக்கொண்ட எங்கள் தவறு. விதி வைத்தவரின் படத்துக்குப் பூ, அதை மீறாதவர் தலையில் மட்டும் பழியா? இது என்ன நியாயம்? என்னைவிட அண்ணனை நேசித்தவர்கள் இந்த அரங்கில் இருக்கலாம். அதற்காக நான் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

உச்சி அண்ணன் பெயரால் சொல்கிறேன். வரும் ஞாயிறு எண்ணுவோம். கடைசிப் பருந்து கடந்து போகும்வரை எண்ணுவோம். ஆனால் அந்த விதியோடு அல்ல! மனிதர் விழுந்தால் எல்லோருடைய பைனாகுலரும் இறங்கும். வானம் எண்ணப்படாமல் போகட்டும். அண்ணன் இருந்தால் என்னோடு மல்லுக்கு நிற்பார். நிற்கட்டும்.

இன்று காலை அண்ணி கேட்டார்: "தம்பி, அன்னிக்கு எத்தன போச்சு?"

"இப்ப அதுவா அண்ணி முக்கியம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவரு மலையிலேருந்து வந்து செருப்பக் கழட்டும்போதே கேட்டுருவேன். அன்னிக்குக் கேக்க ஆள் இல்லையே, தம்பி."

அதற்குப் பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிற்கிறார். பெரியவரே, கோபத்தை விடச் சொல்லவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழர் மட்டும் கொஞ்சம் எழுந்து இடம் விடுங்கள்.

அக்கா, உள்ள வாங்க. அண்ணி கேக்கிறாங்க.