முதுகில்லாத கோட்டு

பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் போட்டிருக்கும் இந்தக் கறுப்புக் கோட்டுக்கு முதுகு கிடையாது. காலையில் என் சொந்தக் கோட்டைத்தான் எடுத்துப் போட்டேன், பொத்தான்கள் ஒத்துழைக்கவில்லை. இது நம் நாடகக் குழுவின் துணிப்பெட்டியில் இருந்து எடுத்தது. முன்பக்கம் முழுக் கோட்டு, பின்பக்கம் வெறும் இரண்டு நாடா. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, 'பாவம், வெண்டெல் துக்கத்தில் ஒடிந்துபோய்விட்டான்' என்று யாரோ பேசிக்கொண்டார்களாம். துக்கம் உண்மைதான். சுவருக்குக் காரணம் வேறு.

மேடையில் அமர்ந்திருக்கும் ஃபாங் குடும்பச் சங்கத்தின் தலைவர், அண்ணன் மில்டன் ஃபாங் அவர்களே! தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் தங்கை ஷெரில் அவர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் ஸ்டாக்டன் நகரத்துப் பெரியோர்களே! நாடகக் குழுவின் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு அடுப்படிக்குப் போனவன். சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நடத்தையில் இருந்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

லோர்னா குவான்! முப்பத்தோரு வருடம் தபால் ஆபீசில் கடிதங்களை முகவரி பார்த்துப் பிரித்துவைத்தவர். இருபத்திரண்டு வருடம் நம் நாடகக் குழுவை நடத்தியவர். நமக்கெல்லாம் லோர்னா ஆன்ட்டி. அவர் யாரை விட்டுவைத்தார், சொல்லுங்கள்? பல் டாக்டரைப் பிணமாக நடிக்க வைத்தார். பிணம் குறட்டை விட்டது. 'விடட்டும், செத்தவருக்கு நல்ல தூக்கம்' என்றார். ஒத்திகைக்கு வராதவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று அவர்களுடைய வசனத்தை உரக்கப் படிப்பார். அடுத்த நாள் அவர்கள் வந்துவிடுவார்கள்.

என்னைக் குடியேற்ற அதிகாரியாக நடிக்கச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. "ஆன்ட்டி, என் சீன மூஞ்சியப் பாத்தீங்களா? நான் எப்படி வெள்ளைக்காரனா நடிக்கிறது?" என்றேன்.

"உன் கடைல பாத்திரம் கழுவுறவனத் திட்டுற பாரு, அப்படித் திட்டு. போதும்."

அதே காட்சி முடிந்து நாற்பது விநாடியில் நான் சமையல்காரனாக வர வேண்டும். அதனால்தான் ஆன்ட்டி இந்தக் கோட்டின் முதுகை வெட்டி நாடா தைத்தார். ஒரே இழுப்பில் கழன்றுவிடும்.

அந்தக் காட்சியைப் பற்றித்தான் பேச வேண்டும், நண்பர்களே.

ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறையைச் சொல்லும் அந்த நாடகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். முதல் தலைமுறை ஒரு பதினான்கு வயதுப் பையனாக, கப்பலில் வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கும் ஏஞ்சல் தீவில் வந்து இறங்கும். அப்போது இந்த நாட்டுச் சட்டம் சீனர்களான நமக்குக் கதவை அடைத்திருந்தது. ஏற்கெனவே இங்கே இருப்பவரின் மகன் என்றால் மட்டும் உள்ளே விடுவார்கள். அதனால் எத்தனையோ பேர் யாரோ ஒருவரின் மகன் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு, அவர் குடும்பப் பெயரில் வந்தார்கள். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை. மீதிப் பாதிக்குத் தெரியாத மாதிரி இருக்கத் தெரியும்.

வருகிறவனை அதிகாரி உட்கார வைத்துக் கேட்பார். உன் வீட்டுக்கு எத்தனை படி? வாசல் எந்தத் திசை? அரிசிப் பானை எங்கே இருக்கும்? நாய் உண்டா, என்ன நிறம்? பெயரை விற்றவர்கள் பதில் எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் முன்பே எழுதித் தருவார்கள். கப்பலில் மனப்பாடம் செய்துவிட்டுக் கடலில் போட்டுவிட வேண்டும்.

என் தாத்தா அதைக் கடலில் போடவில்லை.

அப்பா இறந்த பிறகு ஒரு தகர டப்பாவில் அந்தப் புத்தகம் கிடைத்தது. எனக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாது. தாத்தாவின் சோயா சாஸ் கோழிக்கு ரகசியப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்! எண்ணெய்க் கையோடு ஆன்ட்டி வீட்டுக்கு ஓடினேன். "அன்னாசிப்பூ எத்தன போடணும்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சமையல்கட்டு கிழக்குப் பக்கம். அரிசிப் பானை கதவுக்கு இடது பக்கம்."

"ஆங்! சமையல் வந்துடுச்சு பாருங்க!"

"வாசலுக்கு ஒம்பது படி. மூணாவது படி ஒடஞ்சது. நாய் ஒண்ணு. கறுப்பு."

உடைந்த மூன்றாம் படியும் கறுப்பு நாயும் எங்கள் வீட்டுக் கதைகள், நண்பர்களே! தாத்தா அப்பாவுக்குச் சொன்னார். அப்பா எனக்குச் சொன்னார். நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அந்தப் படியில் தடுக்கி விழுந்த மாதிரி நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். அது எங்கள் வீடே இல்லை. தாத்தாவுக்குப் பெயரை விற்ற யாரோ ஒரு ஃபாங்கின் வீடு. அதிகாரியிடம் சொன்ன பொய்யை என் தாத்தா சாகும்வரை மறக்க முடியாமல், கடைசியில் சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டார்.

"இத நாடகத்துல வெக்கலாமாடா?" என்று ஆன்ட்டி கேட்டார். "யாரோடதுன்னு சொல்லாதீங்க, வெச்சுக்குங்க" என்றேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கை அவர் காப்பாற்றியதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். ஒத்திகையில் பையன் தன் பெயர் ஃபாங் என்று சொன்னான். ஃபாங் பெயர்க்காரர்களின் சங்கம் கூடும் இந்த மண்டபத்துக்குச் செய்தி வந்தது. மில்டன் அண்ணன் மேசையைத் தட்டினார். "எந்த ஃபாங்? வாங்கின பேர்ல வந்த ஃபாங் இந்த ஊர்ல எவன் இருக்கான்? காட்டச் சொல்லு அந்தம்மாவ!" காட்டியிருக்கலாம். அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில், சங்கத்தின் துணைத் தலைவனாக, தேநீர் குடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆன்ட்டி கட்டுக்கதை எழுதி ஃபாங் குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும், காட்சியை நீக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை எழுத எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும். அன்றைக்கு மட்டும் சரசரவென்று போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்? பெயர் போய்விடும் என்ற பயமா? வருடா வருடம் ஏப்ரலில் முன்னோர் கல்லறை வழிபாட்டுக்குப் பன்றி சுட்டுக் கொண்டுபோகிற மரியாதை போய்விடும் என்ற பயமா? இரண்டும்தான்! அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுபத்தொன்பது வயதில், முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, இதே மேடையில், இதோ இந்த முன்னோர் படங்களுக்கு முன்னால் ஆன்ட்டி மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியைப் பிடித்திருந்தவன் யார்? நான்தான்!

"நல்லாப் புடிடா, ஆடுது" என்றார் என் காதோடு.

நாற்காலி ஆடவில்லை. நான்தான் ஆடினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் ஆன்ட்டி என் பேரச் சொல்லல?"

"நீ சொன்னா அது நாடகம். நான் சொன்னா ஊர்வம்பு." ஷெரிலின் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். "உங்க தாத்தாவுக்கு ஊர்லேந்து வர்ற லெட்டரெல்லாம் முப்பது வருஷம் என் கை வழியாத்தான் போச்சு. உறைல கீழ இங்கிலீஷ்ல ஃபாங்னு இருக்கும். மேல சீனத்துல லூயின்னு இருக்கும். எனக்கு அப்பவே தெரியும். போய் அவரு கல்லறைக் கல்லப் பாரு."

போனேன். கல்லைப் போட்டோ எடுத்து மூலிகைக் கடைக்காரரிடம் காட்டினேன். லூயி என்று படித்தார். கல்லில் வெட்டியிருக்கிறது, நண்பர்களே! இருபது வருடம் அந்தக் கல்லுக்கு முன்னால் பன்றி வைத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் படித்தார்கள், பன்றியைச் சாப்பிட்டார்கள், பேசாமல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நாடகம் அந்தக் காட்சி இல்லாமல் நடந்தது. இல்லை, காட்சி இருந்தது. ஆள்தான் இல்லை. மேசையும் நாற்காலியும் போட்டு, நாற்காலியில் இந்தக் கோட்டை மாட்டி, நான்கு நிமிடம் விளக்கை எரியவிட்டார் ஆன்ட்டி. ஆறு நாளும் அப்படியே. ஒரு பத்திரிகைக்காரர் 'ஆழமான மௌனம்' என்று எழுதினார். ஆழமெல்லாம் இல்லை ஐயா. அங்கே உட்கார வேண்டியவன் திரைக்குப் பின்னால் சமையல் உடுப்பில் ஒளிந்துகொண்டிருந்தான்.

அதன் பிறகு ஆன்ட்டி எனக்கு வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். சந்தையில் பார்த்தாலும் கடைக்குச் சாப்பிட வந்தாலும் ஒரே கேள்விதான்: "நாய் என்ன நிறம், வெண்டெல்?" நானும் "கறுப்பு, ஆன்ட்டி" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். என்னிடம் நாய் இருப்பதாக நினைத்து ஒருவர் புத்தாண்டுக்கு நாய் பிஸ்கட் கொடுத்தார். இரண்டு வருடம் இந்தக் கேள்வியிலேயே போனது.

போன மாதம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, மறுபடியும் கேட்டார். "நாய் என்ன நிறம்?"

"எங்க வீட்ல நாயே இல்ல ஆன்ட்டி."

கண்ணைத் திறந்து பார்த்தார். "இப்பதான் சரியாச் சொன்ன. இத சங்கத்துல போய்ச் சொல்லு."

"புத்தாண்டு விருந்து முடியட்டும் ஆன்ட்டி, சொல்லிடறேன்" என்றேன். அப்போதும் தவணை கேட்டேன்! விருந்துக்கு நான்கு நாள் முன்னால் அவர் போய்விட்டார். அவர் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டியதை அவருடைய படத்துக்கு முன்னால் சொல்கிறேன். இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு உண்டா?

ஆகவே, பெரியோர்களே, கேளுங்கள். அந்தப் புத்தகம் என் தாத்தாவுடையது. லோர்னா குவான் ஒரு வரியும் கட்டிச் சொல்லவில்லை. பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். என் பெயர் வெண்டெல் லூயி. தங்கை ஷெரில், உன் அம்மாவைத் தலைகுனிய வைத்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

மில்டன் அண்ணே, அப்படிப் பார்க்காதீர்கள். துணைத் தலைவர் பதவியை இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தை விட்டே நீக்குவதானால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் பன்றிக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். நீக்கினாலும் பன்றி வரும். அதை லூயி என்ற கல்லுக்கு முன்னால் வைப்பேன். சாப்பிட வருகிறவர்கள் இந்த முறை படித்துவிட்டுச் சாப்பிடலாம்.

இன்னொன்று. ஏப்ரலிலேயே நாடகம் மறுபடி மேடை ஏறும். அந்த நாற்காலி காலியாக இருக்காது. அதிகாரியாக நானே உட்காருவேன். தாத்தாவின் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் கேட்பேன். காட்சி முடிந்ததும் இந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு, அது எந்த வீட்டுப் புத்தகம் என்று சபையில் சொல்வேன். ஒவ்வொரு நாளும் சொல்வேன். ஆன்ட்டி தொடங்கியதை முடிக்காமல் விட மாட்டோம். நாடகக் குழு நண்பர்களே, சரிதானே? சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கட்டும்!

துக்கத்தின் கசப்பு போக வாசலில் கொடுத்த வெள்ளை உறையில் இருக்கும் மிட்டாயை எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைக்கு என் பேச்சில் கசப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

எனக்காக அவர் குனிந்தது மூன்று முறை. அந்த மூன்றையும் இப்போது அவர் படத்துக்கு நான் குனிந்து செலுத்துகிறேன். அதற்கு உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். கோட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். நாற்காலி வேண்டாம், ஷெரில். நன்றி.

இது முதலாவது.

இப்போது கேட்ட சத்தம் கோட்டு இல்லை. கோட்டில் கிழிவதற்கு எதுவும் இல்லை. அது கால்சட்டை. கால்சட்டை என் சொந்தக் கால்சட்டைதான். இன்னும் இரண்டு முறை குனிய வேண்டியிருக்கிறது.