ஜனாதிபதி மேசையின் எடை

இந்த அறையில் காபி நன்றாகவே இருக்கிறது, மேடம். எங்கள் ஆபீஸ் காபியைக் குடித்திருந்தால்தான் இதன் அருமை தெரியும். நீங்கள் டைப் செய்து கொடுத்த நாலு பக்கத்தையும் படித்துவிட்டேன். கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள், போடுகிறேன். ஆனால் இதில் ஒன்பது தவறு இருக்கிறது. தவறு இருக்கிற தாளில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதலிலிருந்து நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆல்டன் வீம்ஸ், வயது அறுபத்தொன்று. இந்த பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்தவன். சரித்திரப் படப் புத்தகம் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாகத் தகவல் சரிபார்க்கிறேன். நீங்கள் ‘எழுத்தர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது முதல் தவறு.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லாமல் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ஒருவர் அச்சுக்குப் போகிற தாளைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் மூல ஆதாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகிற ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவார். பக்கம் முடிந்ததும் தேதி போட்டு, பெயரின் முதலெழுத்தைப் போடுவார். எண் வந்தால் ஒரு ஆதாரம் போதாது, இரண்டு வேண்டும். ஆதாரத் தாளை எந்தக் காரணத்துக்காகவும் கிழித்துப் போடக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

பத்தொன்பது வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தவள் லோரெட்டா ஸ்டானெக். அவளை உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை உங்களிடம் வந்தவள் அவள்தான். எண் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொல்வாள். தப்பிவிடக் கூடாதே என்ற பயம். டம்ளரை அவள் வைக்கிற சத்தம் கேட்டதும் நான் பென்சிலைச் சீவிக்கொள்வேன். அவள் புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் அவளிடம் எதையும் வாய் திறந்து சொன்னதில்லை. தினமும் ஏழு மணி நேரம் ஒருத்தியின் குரலைக் கேட்கிறவன் தனியாக வேறு என்ன சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் டெஸ்மண்ட் குக் வந்து சேர்ந்தான். படம் தேடித் தருகிற வேலை. நாற்பத்து நாலு வயது. கடுகு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். படிக்கட்டு ஏறும்போதே விசில். வந்த இரண்டாம் நாளே அவளை ‘லோ’ என்று கூப்பிட்டான். பத்தொன்பது வருடத்தில் நான் அந்தப் பெயரிலிருந்து ஒரு எழுத்தைக்கூடக் குறைத்ததில்லை.

அப்போது கையில் இருந்தது வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி உட்காருகிற பழைய மேசையைப் பற்றிய புத்தகம். பிரிட்டிஷ் கப்பல் ஒன்றின் தேக்கு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தேக்கு இல்லை, ஓக். அந்த நாட்டு ராணி 1880இல் அனுப்பிவைத்தது. கால் நீட்டுகிற இடம் முன்பக்கம் திறந்து கிடந்ததால், பல வருடம் கழித்து அதை மறைக்க ஒரு பலகை செய்து மாட்டினார்கள். அந்தப் பலகையில் ஒரு கழுகு செதுக்கியிருக்கும். ஒரு காலில் ஆலிவ் கிளை, மறு காலில் அம்புகள். என் கேடுகாலம் அந்தக் கழுகு உருவத்தில் வந்தது.

அச்சில் சில சமயம் படம் இடவலமாகத் திரும்பி விழுந்துவிடும். அதைப் பிடிப்பதில் எனக்கு ஊரில் பெயர் உண்டு. டெஸ்மண்ட் கொண்டுவந்த ஒரு படத்தில் கழுகின் தலை வலது பக்கம் பார்த்தது. இப்போது எங்கும் காண்கிற ஜனாதிபதி முத்திரையில் அது இடது பக்கம், கிளையைப் பார்க்கும். ‘படம் திரும்பியிருக்கிறது, மாற்றவும்’ என்று ஓரத்தில் எழுதி என் முதலெழுத்தைப் போட்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் முன்னால் அந்தத் தாளை அவன் தூக்கிப் பிடித்தான்.

“பெரியவரே, மூக்கைப் பாத்தீங்க, சரி. காலைப் பாத்தீங்களா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“படம் திரும்பியிருந்தா அம்பும் இந்தக் கால்லேருந்து அந்தக் காலுக்குப் போயிருக்கணும்ல. அது இருக்க வேண்டிய கால்லதான் இருக்கு. இந்தப் பலகை பழசு சார். அப்பெல்லாம் கழுகு அம்பைத்தான் பாத்துட்டு இருந்துச்சு. தலையைத் திருப்புனதெல்லாம் அப்புறம். நீங்க அதோட கழுத்தை இப்பவே திருகப் பாத்தீங்க.”

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். லோரெட்டாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ ஆல்டன், உனக்கே கழுகு தண்ணி காட்டிடுச்சே.”

அவன் சொன்னது சரி. அன்று மாலையே நான் இரண்டு ஆதாரத்தில் பார்த்தேன். அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மறுநாள் என் விளக்கில் யாரோ காகிதக் கழுகு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வாசலில் உட்காருகிற பெண் தினமும், “இன்னைக்கு மூக்கு எந்தப் பக்கம், மிஸ்டர் வீம்ஸ்?” என்று கேட்க ஆரம்பித்தாள். நானும் சிரித்துவைப்பேன்.

அடுத்த வாரம் லோரெட்டா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காத ஆல்டன். இந்தப் புத்தகத்துக்கு நான் டெஸ்மண்டோட உக்காந்து வாசிக்கிறேன். படமெல்லாம் அவன்கிட்டதான இருக்கு.”

“ஆதாரமெல்லாம் என்கிட்ட இருக்கு.”

“ஒரே ஒரு புத்தகம். அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிற. சின்னப் புள்ளையா நீ?”

தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருந்தார்கள். அவன் ராணியின் கடிதத்தை ராணி மாதிரியே கீச்சுக் குரலில் வாசிப்பான். இவள், “போதும்டா, வயிறு வலிக்குது” என்பாள். சிரித்துக்கொண்டே எண்களைக் கடந்து போவாள். தண்ணீர் குடிப்பதில்லை, நிறுத்துவதும் இல்லை. நான் இங்கே இரண்டு பேர் வேலையையும் ஒருவனாகச் செய்தேன். நானே வாசித்து நானே டிக் போட்டேன். வயிறு எரிந்தது, மேடம். சாப்பிட்டால் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். இரண்டாம் பக்கத்தில் ‘பொறாமை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரி. அதன் மேல் டிக் போட்டிருக்கிறேன். ‘ஆத்திரத்தில்’ என்பதைத்தான் அடித்திருக்கிறேன். அன்று காலையில் நான் நிதானமாக இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

புத்தக வெளியீட்டுக்காக அந்த மேசையைப் போலவே செய்த நகல் ஒன்றைப் பென்சில்வேனியாவில் ஒரு தச்சரிடம் இரவல் வாங்கினார்கள். எங்கள் கட்டடம் துறைமுகத்துப் பழைய கிடங்கு. விழா நடக்கிற கூடம் மூன்றாவது மாடி. படிக்கட்டில் மேசை நுழையாது. கூரையிலிருந்து வெளியே நீட்டியிருக்கிற உத்தரத்தில் சங்கிலிக் கப்பி ஒன்று உண்டு. பெரிய சாமானெல்லாம் அதில்தான் ஏறும். மேலே நின்று சங்கிலி இழுப்பவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ரூஃபஸ். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாமான் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தச்சரின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எண் இருக்கிற எந்தத் தாளும் என்னிடம்தான் வரும். ‘மொத்த எடை ஆயிரத்து நூற்று நாற்பது பவுண்டு. தூக்குவதானால் மேல்பலகையையும் இரண்டு பக்கப் பெட்டிகளையும் தனித்தனியாகக் கழற்றித் தூக்கவும்’ என்று எழுதியிருந்தார். அனுப்பிய லாரிக்காரனின் சீட்டிலும் அதே எடை. இரண்டு ஆதாரம். டிக் போட்டு, தேதி போட்டு, கோப்பில் வைத்தேன். புதன்கிழமை விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், கீழே கயிறு பிடிக்கப் போவது யார் என்று கேட்டது நான்தான். “வேற யாரு, இந்த இளந்தாரிதான்” என்று டெஸ்மண்ட் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான்.

வியாழன் காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. லோரெட்டா கீழே தெருவிலிருந்து பேசினாள்.

“ஆல்டன், ரூஃபஸ் கேக்கறாரு, மேசை மொத்தமா எவ்ளோ வெயிட்டு? அறுநூறு பவுண்டுக்கு மேல போனா இந்தக் கப்பி தாங்காதாம். பிரிச்சுத்தான் ஏத்தணுமாம்.”

கோப்பு என் முன்னால் திறந்தே இருந்தது.

“ஐந்நூத்தி நாப்பது” என்றேன்.

“நல்லாத் தெரியுமா?”

“உனக்கு நான் எப்பவாவது தப்பான நம்பர் சொல்லியிருக்கேனா?”

“இல்ல” என்றாள்.

பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. “பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் லோ. கழுகு விஷயத்தைத் தவிர.” அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அந்த ஒரு பேச்சை அவன் பேசாமல் இருந்திருந்தால் நான் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமையே முடிவு செய்துவிட்டேன்.

கப்பிச் சங்கிலி அறுந்தே தீரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை மட்டும் நான் சரிபார்க்கவில்லை. என் வேலையில் அது ஒரு குறைதான். இரண்டாவது மாடி வரை மேசை ஏறியது என்று ரூஃபஸ் சொன்னார். சத்தம் கேட்டபோது நான் ஒரு பக்கத்தின் கடைசி வரியில் இருந்தேன். அதை முடித்து, தேதி போட்டுவிட்டுத்தான் ஜன்னலுக்குப் போனேன். ஓக் மரம் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பலகையில் கழுகு உடையவே இல்லை. அதன் அடியில் கடுகு நிறம் தெரிந்தது. லோரெட்டா நடுத்தெருவில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்த மேசையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் ஆட்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். எண்ணைத் தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக லோரெட்டா அவர்களிடம் அழுதாள். ‘ஆல்டன் சொன்னதை மனதில் பதிக்காமல் ரூஃபஸிடம் ஏதோ உளறிவிட்டேன், நான்தான் அவனைக் கொன்றுவிட்டேன்’ என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். “தப்பு யாருக்கும் வரும் லோரெட்டா” என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். இதை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மேசைப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். பதினோரு நாள். குரல் கம்மியிருந்தது. ஆனால் எண்ணுக்கு முன்னால் நிறுத்தினாள், முன்பைவிட அதிக நேரம் நிறுத்தினாள். மத்தியானம் நான் நண்டு சூப் வாங்கிவந்து வைப்பேன். பாதி குடிப்பாள். “நீ இல்லைன்னா நான் பைத்தியமாயிருப்பேன் ஆல்டன்” என்றாள் ஒருநாள். என் வாழ்க்கையில் அந்தப் பதினோரு நாளைப் போல வேறு நாட்கள் இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பன்னிரண்டாம் நாள் கடைசிப் பக்கம் வந்தது. நகல் மேசையைப் பற்றி அதில் ஒரு சின்னக் குறிப்பு: யார் செய்தது, என்ன மரம், என்ன எடை. நான் கை கழுவப் போயிருந்தேன். எண் இருக்கிறதே, ஆதாரம் பார்க்க வேண்டாமா. அவள் என் கோப்பை எடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது தச்சரின் கடிதம் அவள் முன்னால் இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு வாசித்தாள்.

“ஆயிரத்து நூற்று நாற்பது.”

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

“இதுல உன் டிக்கு இருக்கு ஆல்டன். செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருக்கு. நான் உனக்குப் போன் பண்ணது வியாழக்கிழமை.”

“ஆமாம்.”

“அப்போ நான் உளறல.”

“இல்ல. நீ சரியாத்தான் சொன்ன.”

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கோட்டு மாட்டாமல், பனியில் அப்படியே இங்கே நடந்து வந்திருக்கிறாள். அந்தக் கடிதத்தை நான் ஏன் கிழித்துப் போடவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஆதாரத்தை எப்படிக் கிழிப்பது, மேடம்?

ஒன்று சொல்ல வேண்டும். இதில் என் தப்பு மட்டும் இல்லை. எண் என்றால் இரண்டு ஆதாரம் என்பது அவளுக்கும் தெரியும். அன்று அவள் என்னை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவனோடு உட்கார்ந்து உட்கார்ந்து வேலையில் அந்தக் கவனம் போய்விட்டது. என்னோடு இருந்தவரை அவள் அப்படி இருந்ததில்லை. அவளை நான் பழையபடி ஆக்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பாருங்கள், பன்னிரண்டாம் நாள் எவ்வளவு சரியாகப் பிடித்தாள்.

ஒப்புக்கொள்கிறேன். டெஸ்மண்ட் குக்கைக் கொன்றது நான். வேண்டுமென்றே அறுநூறு பவுண்டைக் குறைத்துச் சொன்னேன். இதைத் திரும்ப டைப் செய்து கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒருதடவை முறைப்படி சரிபார்த்துவிட வேண்டும். தனியாகச் செய்கிற வேலை இல்லை இது. லோரெட்டாவைக் கூப்பிடுங்கள். வர மாட்டாள் என்று நீங்கள் சொல்கிறீர்கள்; உங்களுக்கு அவளைத் தெரியாது. எதிரே உட்கார்ந்து அவள் வாசிக்கட்டும், நான் டிக் போடுகிறேன். அவள் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைத்துவிடுங்கள். எண்கள் வருகின்றன.