பேனா நின்ற இடம்

ஆபரேட்டர்: ...அட, சொல்லுங்கம்மா. ஜலதோஷமா?

எழுதுபவள்: ஆமா சார்... தொண்டை கட்டிக்கிச்சு.

ஆபரேட்டர்: கட்டிக்க வேற நாளே கெடைக்கலையா அதுக்கு? ரெண்டு மணி நேரம் எனக்குக் கண்ணு நீங்கதான். கேள்வியப் படிக்கணும், நான் சொல்றத எழுதணும்.

எழுதுபவள்: தண்ணி பாட்டில் இருக்கு சார். சமாளிச்சுடுவேன்.

ஆபரேட்டர்: பேனா?

எழுதுபவள்: மூணு.

ஆபரேட்டர்: மூணா! பலமான ஏற்பாடுதான்.

கண்காணிப்பாளர்: போதும், குசலம் விசாரிச்சது. மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. விதியச் சொல்லிடறேன். ஏம்மா, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?

எழுதுபவள்: பத்தாவது மேடம். ஜெராக்ஸ் கடையில வேலை.

கண்காணிப்பாளர்: சரி. எழுதிக் குடுக்கறவங்க, பரீட்சைக்காரரவிடக் கம்மியாப் படிச்சிருக்கணும். சட்டம் அது. அவர் சொல்றத மட்டும் எழுதுங்க. ஒரு எழுத்து சொந்தமாச் சேத்தாலும் பேப்பர் செல்லாது. ரெண்டு பேரும் நடையக் கட்ட வேண்டியதுதான்.

ஆபரேட்டர்: அழகான சட்டம் மேடம். கண்ணு தெரியாதவனுக்கு இங்கிலீஷ் தெரியாத கை.

கண்காணிப்பாளர்: நான் போட்ட சட்டமா சார் இது?

ஆபரேட்டர்: ஐயோ, உங்களச் சொல்லல. போன வருஷம் இதே பேப்பர். நாலு மார்க்குல போச்சு.

கண்காணிப்பாளர்: ஏம்மா, பேனா கீழ விழுந்துருச்சு பாருங்க.

எழுதுபவள்: எடுத்துக்கறேன் மேடம்.

ஆபரேட்டர்: ஆறு வருஷமா ஆபீஸ் சுவிட்ச்போர்டுல தற்காலிக ஆபரேட்டர் நான். இந்த இங்கிலீஷ் இலக்கணப் பேப்பர் தேறினா நிரந்தரம். வர்ற மாசம் வயசு வரம்பு தாண்டுது. இன்னைக்கு விட்டா, அடுத்து என் நாற்காலியில வேற ஆளு. வெளியில பெஞ்சுல என் சம்சாரம் இருப்பாளே, பாத்தீங்களா?

கண்காணிப்பாளர்: நகத்தக் கடிச்சுக்கிட்டு ஒரு அம்மா...

ஆபரேட்டர்: அவளேதான். இந்நேரம் பத்து விரலும் முடிஞ்சிருக்கும்.

கண்காணிப்பாளர்: போன வருஷம் எழுதினவங்க சொதப்பிட்டாங்களாக்கும்?

ஆபரேட்டர்: விடுங்க மேடம், அவங்கள ஏன்... ஏம்மா, உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?

எழுதுபவள்: மாடிப்படி சார்.

ஆபரேட்டர்: படியேறி இருபது நிமிஷம் ஆச்சேம்மா!

கண்காணிப்பாளர்: மணி அடிச்சாச்சு. இனிமே கேள்வியும் பதிலும் மட்டும்தான். ம், படிங்க.

எழுதுபவள்: ஒண்ணாவது கேள்வி. கோடு போட்ட வார்த்தை வாக்கியத்துல என்ன வகைன்னு சொல்லணும். எல்லாத்துலயும் ஒரே வார்த்தைதான் சார், 'ரவுண்ட்'. மொதல் வாக்கியம்... 'தி டேபிள் இஸ் ரவுண்ட்.'

ஆபரேட்டர்: அட்ஜெக்டிவ்.

எழுதுபவள்: 'ஷி வாக்ட் ரவுண்ட் தி ஹவுஸ்.'

ஆபரேட்டர்: ப்ரெபோசிஷன். எழுத்தெழுத்தாச் சொல்லட்டுமா?

எழுதுபவள்: வேணாம் சார்.

ஆபரேட்டர்: ...வேணாமா?

எழுதுபவள்: எழுதிட்டேன்.

ஆபரேட்டர்: ம். எழுதி முடிச்சுட்டு 'டி'க்குக் குறுக்க ஒரு கோடு, ரெண்டு 'ஐ'க்கும் மேல ரெண்டு புள்ளி. சரியாத்தான் இருக்கு.

கண்காணிப்பாளர்: என்ன சார் சொல்றீங்க? எழுதறது உங்களுக்குக் கேக்குதா?

ஆபரேட்டர்: மர மேஜை மேடம். பேனா என்ன பண்ணினாலும் காட்டிக் குடுத்துடும்.

கண்காணிப்பாளர்: அடேயப்பா... எனக்குப் பக்கத்துல நின்னும் கேக்கல.

எழுதுபவள்: மூணாவது... 'தி ஃபைனல் ரவுண்ட் வாஸ் ஈசி.'

ஆபரேட்டர்: நவுன்.

எழுதுபவள்: 'தி ஷிப்ஸ் ரவுண்ட் தி கேப் அட் டான்.'

ஆபரேட்டர்: வெர்ப்.

கண்காணிப்பாளர்: பேசக் கூடாதுதான், இருந்தாலும்... அதெப்படி சார், படிச்சு வாய மூடறதுக்குள்ள? எனக்கெல்லாம் அந்த வார்த்தை நாலு எடத்துலயும் ஒரே மாதிரிதான் தெரியுது!

ஆபரேட்டர்: மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தெரியும் மேடம். நான்தான் மூஞ்சி பாக்கறதில்லையே. யாருக்கு என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் கேப்பேன். ஆபீஸ்லயும் அதே கதைதான், முன்னூறு பேரு. ஹலோன்னா போதும், இன்னாருன்னு சொல்லிடுவேன்.

எழுதுபவள்: ஹலோன்னு... சொன்னாலே போதுமா சார்?

ஆபரேட்டர்: தொண்டை கட்டியிருந்தாலும் போதும்.

கண்காணிப்பாளர்: ஏம்மா, தண்ணியக் குடிச்சுட்டு அடுத்ததப் படிங்க.

எழுதுபவள்: ரெண்டாவது கேள்வி. பிழை இருந்தா திருத்தணும், இல்லேன்னா பிழை இல்லைன்னு எழுதணும். 'ஹி இஸ் சீனியர் தேன் மீ.'

ஆபரேட்டர்: பிழை இல்லை.

எழுதுபவள்: ...

ஆபரேட்டர்: என்னம்மா?

எழுதுபவள்: இன்னொரு தடவை படிக்கட்டுமா சார்?

கண்காணிப்பாளர்: ஏம்மா! அவர் கேட்டாரா உங்கள?

எழுதுபவள்: இல்ல மேடம்.

கண்காணிப்பாளர்: அப்புறம்? முந்திரிக்கொட்டை மாதிரி... அவர் சொன்னத எழுதுங்க.

எழுதுபவள்: 'நோ எரர்'... எழுதிட்டேன் சார்.

ஆபரேட்டர்: எழுதிட்டீங்க. ரொம்ப நேரம் யோசிச்சு எழுதினீங்க.

எழுதுபவள்: பேனா சரியா ஓடல.

ஆபரேட்டர்: மூணு இருக்கே! சரி, படிங்க.

எழுதுபவள்: கடைசிக் கேள்விதான் பெருசு சார். ஒரு பக்கம் முழுக்க ஒரு கடிதம். பத்துப் பிழை ஒளிஞ்சிருக்கு, எந்த வரின்னு சொல்லித் திருத்தணும். ஒவ்வொரு வரியாப் படிக்கிறேன், நீங்க நிறுத்தச் சொல்லுங்க.

ஆபரேட்டர்: வேணாம். மொத்தமா ஒரு தடவை படிச்சுடுங்க. வரி முடியற எடத்துல மட்டும் மேஜையில ஒரு தட்டு தட்டுங்க.

எழுதுபவள்: இருபத்தி ரெண்டு வரி சார்...

ஆபரேட்டர்: தட்டுங்கம்மா.

கண்காணிப்பாளர்: ...படிச்சாச்சா? இப்ப என்ன பண்ணப் போறார்?

ஆபரேட்டர்: எழுதுங்க. ரெண்டாவது வரி, 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே.' தப்பு. 'ஐ சா ஹிம்.' அஞ்சாவது வரி, 'ஒன் ஆஃப் தி பாய்.' பாய்ஸ்னு இருக்கணும். ஒம்பதாவது வரி, 'டிஸ்கஸ்டு அபவுட்.' அந்த அபவுட்டத் தூக்கிடுங்க. வேகமாப் போறேனா?

எழுதுபவள்: போங்க சார். கூடவே வர்றேன்.

ஆபரேட்டர்: பதினொண்ணுல ஒண்ணு, பதினாலுல ரெண்டு இருக்கு...

கண்காணிப்பாளர்: ஏம்மா, அந்தக் கேள்வித்தாள இப்படிக் கொஞ்சம் காட்டுங்க... பதினாலு... ஆமா, ரெண்டு! ஐயோ, இது என்ன தலையா, டேப் ரெக்கார்டரா? கையில தாள வெச்சுக்கிட்டு எனக்கு ஒண்ணு கண்டுபிடிக்கவே தண்ணி காட்டுது.

எழுதுபவள்: மேடம், இருபத்தி ஒண்ணாவது வரி சொல்லிக்கிட்டிருக்காரு...

கண்காணிப்பாளர்: நீங்களும் சளைச்ச ஆளில்லம்மா. ஒரு வார்த்தைக்காவது எழுத்துக் கேக்கலையே!

ஆபரேட்டர்: அதைத்தான் மேடம் நானும் அப்போதிருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

கண்காணிப்பாளர்: பத்து நிமிஷம்தான் இருக்கு.

ஆபரேட்டர்: எழுதினது அத்தனையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கம்மா. ... ம். ... ம். ... அங்க நிறுத்துங்க. சீனியர் வாக்கியம். அந்த 'நோ எரர' அடிச்சுடுங்க. 'ஹி இஸ் சீனியர் டு மீ'ன்னு போடுங்க.

எழுதுபவள்: ...அப்பாடா!

கண்காணிப்பாளர்: என்னம்மா அப்பாடா?

எழுதுபவள்: ஒண்ணுமில்ல மேடம். கை வலி.

கண்காணிப்பாளர்: நேரம் முடிஞ்சுது. குடுங்க, நூல் கோத்துக் கட்டிடறேன். இருபது வருஷமா பரீட்சை ஹால்ல கால் கடுக்க நின்னிருக்கேன் சார். இப்படி ஒண்ண... எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது போங்க. ஒப்படைச்சுட்டு, உங்க வீட்டம்மாவ உள்ள அனுப்பறேன்.

ஆபரேட்டர்: போயிட்டாங்களா?

எழுதுபவள்: ம்.

ஆபரேட்டர்: சீனியர் வாக்கியம் தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது இல்ல?

எழுதுபவள்: ...தெரிஞ்சுது.

ஆபரேட்டர்: நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னேன். நான் சொல்றதைத்தான் எழுதறீங்களான்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கணுமே. ஏன் திருத்தல?

எழுதுபவள்: கை துடிச்சுது சார். பல்லக் கடிச்சுக்கிட்டு எழுதினேன். ஏற்கெனவே ஒரு தடவை என் கையால உங்க பேப்பர்ல...

ஆபரேட்டர்: சொல்லுங்க.

எழுதுபவள்: போன வருஷம் உங்களுக்கு எழுதினது நான்தான் சார். திட்டுங்க. நீங்க மடமடன்னு சொல்றீங்க, எனக்குப் பாதி வார்த்தைக்கு எழுத்துத் தெரியல. கேக்க வெக்கம். கைக்கு வந்தத எழுதிட்டேன். ரிசல்ட் அன்னைக்கு உங்க நம்பரத் தேடினேன்... நாலு மார்க். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

ஆபரேட்டர்: அப்புறம் இந்த இங்கிலீஷ்? ஒரே வருஷத்துல எங்கேர்ந்தும்மா வந்துச்சு?

எழுதுபவள்: கடைக்கு இலக்கண நோட்ஸ், பழைய கேள்வித்தாள்னு ஜெராக்ஸுக்கு வரும். மை சரியா விழாத தாளக் குப்பையிலதான் போடுவோம். அதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி உக்காந்தேன். தெரியாதத அகராதியில பாத்தேன். வீட்டுல ஒரு சாக்கு நெறைய இருக்கு. பைத்தியம் புடிச்சிருச்சான்னு எங்க அண்ணி கேட்டாங்க.

ஆபரேட்டர்: ஒரு சாக்கா! எனக்காகவா?

எழுதுபவள்: நான் கெடுத்தத நான்தானே சரி பண்ணணும்?

ஆபரேட்டர்: அம்மாடி... அந்த மேடம் என்னப் பாத்துப் புல்லரிக்குதுன்னாங்க. எனக்கு இப்பத்தான் புல்லரிக்குது. நான் பொறந்ததிலேர்ந்து காதால புடிச்ச இங்கிலீஷு. நீங்க குப்பையிலேர்ந்து ஒரே வருஷத்துல பொறுக்கியெடுத்துட்டீங்களே!

எழுதுபவள்: உங்களுக்குக் கோவமே வரலையா? நான் குரல மாத்தி, தொண்டை கட்டிக்கிச்சுன்னு பொய் சொல்லி...

ஆபரேட்டர்: தும்மலே இல்லாத ஜலதோஷம்! வாசல்ல வணக்கம் சொன்னீங்களே, அப்பவே தெரியும்.

எழுதுபவள்: அப்பவேவா! தெரிஞ்சும் வேற ஆள் வேணும்னு ஏன் கேக்கல? கடைசி வாய்ப்பு உங்களுக்கு. உங்களுக்கே என்னப் போடச் சொல்லி பரீட்சை ஆபீஸ்ல ஒரு வாரம் கெஞ்சினேன். முடியவே முடியாதுன்னாங்க. மறுநாள் அவங்களே கூப்பிட்டு, வான்னாங்க. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல அண்ணா.

ஆபரேட்டர்: எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்கம்மா. போன வருஷம் கெடுத்த பொண்ணே மறுபடி வருது, வேற ஆளப் போட்டுடறோம்னாங்க. அவங்களையேதான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். போன வருஷம் உங்க பேனா ஒம்போது எடத்துல நின்னுச்சு. ஒம்போதும் எனக்குக் கேட்டுச்சு. எழுத்துத் தெரியாமத்தான் நிக்குதுன்னு தெரியும். நிறுத்திச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம் முடிச்சு எல்லாரையும் வாயப் பொளக்க வெக்கணும்னு ஒரு திமிரு... சொல்லாமப் போயிக்கிட்டே இருந்தேன். என் சம்சாரத்துக்கிட்டகூட, எழுத வந்தவங்க கெடுத்துட்டாங்கன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். பாதித் தப்பு என்னோடது. இத உங்ககிட்ட சொல்லாம, வேற ஆளப் போடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா சொல்வேன்?