உடைஞ்சதா நாலு டைல்ஸ்

அது இல்லீங்கண்ணா. உள்ள அடுக்கி வெச்சிருக்கிறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எனக்கு அது வேணாம். பின்னாடி சுவரோரமா உடைஞ்ச டைல்ஸ் கொட்டி வெச்சிருக்கீங்களே, அதுல நாலு வேணும். ஆமா, உடைஞ்சதுதான். மூளை நல்லாத்தான் இருக்கு, நீங்க பாக்கற பார்வையைப் பாத்தா எனக்கே சந்தேகம் வருது.

இல்ல, திருப்பிக் குடுக்க வரல. உங்க டைல்ஸ் மேல ஒரு குறையும் இல்ல. போன மாசம் நானும் எங்க வீட்டுக்காரரும் வந்து வாங்கிட்டுப் போனோமே, ஒவ்வொண்ணையும் காதுல வெச்சுத் தட்டித் தட்டிப் பாத்தாரே, அவர்தான். மேஸ்திரி எதுக்கு, நாமளே போட்டுக்கலாம்னு ஒத்தக் காலுல நின்னாரு. போன்ல நாலு வீடியோ பாத்தா மேஸ்திரியாம். நான் அவரை இன்ஜினியர்னுதான் கூப்பிடுவேன். ஃபேனைக் கழட்டி மாட்டினாரு, அது இன்னிக்கும் காத்தை மேல அனுப்புது.

சும்மா சொல்லக் கூடாது, நானும் கூடவே நின்னு உளி பிடிச்சேன். பழைய தரையைக் கொத்தி எடுக்கவே உசுரு போச்சு. முதல் வரிசை கோணலாப் போயி, சிமெண்ட் இறுகறதுக்குள்ள பேத்து மறுபடி போட்டோம். உள்ளங்கையில தோலே உரிஞ்சுடுச்சு. ஆனா முடிச்சப்புறம் பாக்கணுமே, ஒரு கோலிக்குண்டை வெச்சா வெச்ச இடத்துலயே நிக்குது. அவ்வளவு மட்டம்.

அந்தப் பழைய தரைக்கும் எனக்கும் ஜென்மப் பகைண்ணா, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து. வாசல்லேர்ந்து ஹால்ல கால் வெச்சதும் ஒரு கல்லு ஆடும், டொக்குன்னு. அதைத் தாண்டினா ஒரு குழி. சமையக்கட்டு வாசல்ல குறுக்க ஒரு வெடிப்பு. கக்கூஸ் கிட்ட ஒரு கல்லு முனை பேந்து சொரசொரன்னு நிக்கும், துடைக்கிற துணி அதுல மாட்டிக் கிழியும். என் கட்டைவிரல் நகம் எத்தனை தடவை பேந்திருக்குங்கறீங்க. யாராவது வீட்டுக்கு வந்தா, பாத்து வாங்க, பாத்து வாங்கன்னு சொல்லியே என் மானம் போகும்.

மாமா மட்டும் ஒரு நாளும் தடுக்கினதில்ல. மாமான்னா என் மாமனாரு. வெறுங்காலோட, சுவரைக் கூடத் தொடாம விறுவிறுன்னு நடப்பாரு. அந்த டொக்கு சத்தம் கேட்டா நான் டீயைக் கலந்துடுவேன், மாமா உள்ள வந்துட்டாருன்னு.

அவர்கிட்டப் போயி, உங்களுக்காகத்தான் மாமா தரையை மாத்தறோம், நீங்க விழுந்து கிழுந்து வெச்சா என்னாகும்னேன். நாக்குக் கூசாம சொன்னேண்ணா. தடுக்கி விழுந்ததெல்லாம் நான். வர்றவங்க முன்னாடி கூசிப்போய் நின்னதும் நான். அவர் சரிம்மான்னாரு. வேலை முடியற வரைக்கும் நாத்தனார் வீட்டுல கொண்டு போய் விட்டோம்.

திரும்பி வந்தப்போ வாசல்லயே குனிஞ்சு கையால தடவிப் பாத்தாரு. பட்டு மாதிரி இருக்கும்மான்னாரு. அதோட போய் நாற்காலில உக்காந்தவருதான், எழுந்திரிக்கவே யோசிக்கிறாரு. எழுந்தாலும் நடு ஹால் வரைக்கும் போயி, கையை முன்னாடி நீட்டிக்கிட்டு அப்படியே நின்னுடறாரு. முந்தாநாள் அங்க நின்னுக்கிட்டு, யாராவது இருக்கீங்களாம்மான்னு கூப்பிடறாரு, யாரோ வீட்டுக்குள்ள தெரியாம வந்துட்டவரு மாதிரி.

சொல்லலையா நான்? அவருக்குக் கண்ணு தெரியாதுண்ணா. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, இப்போ சுத்தமாத் தெரியாது. பழகின வீடு, பழக்கத்துல நடக்கறாருன்னுதான் நாங்க நினைச்சோம். உக்காத்தி வெச்சுக் கேட்டப்புறம்தான் சொல்றாரு, ஆடற கல்லு வந்தா வாசல், வெடிப்பு வந்தா சமையக்கட்டு, காலே பாத்துக்கும்மா, இப்போ எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, பழகிடும் விடுன்னு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமான்னேன். நீ ஆசைப்பட்டியேம்மான்னாரு. எனக்கு மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்கறதுன்னு தெரியல.

எங்க இன்ஜினியர் சுவரோரமா கயிறு கட்டறேன்னாரு. என்னை என்ன மாடுன்னு நினைச்சியாடான்னு மாமா சிரிச்சாரு. சிரிச்சாரே தவிர எழுந்திரிக்கல. பழைய கல்லையே தேடி எடுத்துட்டு வந்துடலாம்னு போனேன். லாரில ஏத்தி விட்டதை ஒரு பள்ளத்துல கொட்டி, மேல மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க.

அதான் உங்ககிட்ட வந்தேன். இன்னிக்குக் காலைல நானே உளி வெச்சுப் புதுசுல நாலு இடம் பேத்துட்டேன். எங்க இன்ஜினியர் தலைல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அழகு கெட்டா கெட்டுப் போகட்டும், எனக்கு அந்தத் தரையைப் பாக்கவே பிடிக்கல.

இது வேணாம், இதுவும் வழவழன்னு இருக்கு. அது, அந்த முனை பேந்தது. இப்படிக் குடுங்க, கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாக்கறேன். இல்லண்ணா, காலைக் கிழிக்காது, கூர்முனையை மட்டும் தேச்சு எடுத்துடுவேன். ம், இது சரி. இது கக்கூஸ் வாசலுக்கு. அங்கதான் முதல்ல போடணும்.

நேத்து அது எந்தப் பக்கம்னு தெரியாம ஹால்லயே சுத்திச் சுத்தி வந்திருக்காரு. என்னைக் கூப்பிடக் கூச்சம். அடக்க முடியல, பாவம். நான் வந்து பாக்கறப்போ கால் எல்லாம் நனைஞ்சு நிக்கறாரு. துடைக்கிற துணி எங்கம்மா இருக்கு, நானே துடைச்சிடறேன், உன் தரையை அழுக்காக்கிட்டேன்னாரு.

உன் தரைன்னாரு. அது அவர் கட்டின வீடுண்ணா.