சைகோனில் போட்ட கையெழுத்து

திருமயம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "எங்க மாமாவுக்கு, அதான் மாமனாருக்கு, எண்பத்தஞ்சு வயசுல ஒரு அக்கா மக கெடச்சிருக்கா. வியட்நாம்லருந்து தேடி வந்தா."

பக்கத்திலிருந்தவர் திரும்பி உட்கார்ந்தார். "என்னக்கா சொல்றீங்க?"

"மாமாவோட அப்பா சைகோன்ல கடை வச்சிருந்தாக. அங்க ஒரு வியட்நாம்காரியோட இருந்து, பொண்ணு ஒண்ணு பொறந்திருக்கு. அப்ப பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எம்புள்ளைதான்னு அப்பன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாத்தான் புள்ளைக்கு அப்பன் பேரும் அப்பன் நாட்டு உரிமையும் கெடைக்கும். இல்லாட்டி சட்டப்படி அதுக்கு அப்பனே கெடையாது."

"ஊருக்குத் தெரிஞ்சுரும்ல, யாரு எழுதிக் குடுப்பா?"

"இவுக குடுத்திருக்காக. அந்தக் காயிதத்தைத்தான் இப்ப வந்த அக்கா மக கொண்டாந்தா. பிரெஞ்சு எழுத்துக்குக் கீழ தமிழ்ல தன் பேரு, ஊருப் பேரு எல்லாம் எழுதியிருக்காக. பொய்ப்பேரு குடுத்திருக்கலாம்ல?"

"அம்மாடி! மாமா என்ன சொன்னாக?"

"கையெழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தாக. அப்புறம் எந்திரிச்சு நின்னு அவ கையைப் புடிச்சுக்கிட்டு, 'எங்க அக்கா பேரென்னம்மா?'ன்னு கேட்டாக. கூட வந்த கைடு கேட்டுச் சொன்னாரு."

"என்ன பேராம்?"

"வள்ளியம்மை. மாமாவோட அப்பா, தன்னைப் பெத்த ஆத்தா பேரையே அந்தப் புள்ளைக்கு வச்சிருக்காக."