பதினொன்றாம் பெட்டி பச்சை

டீ வேண்டாம் ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் எழுத ஆரம்பிக்கலாம். என் பெயர் வேல்பாண்டி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினாறு வருஷமாக எலக்ட்ரீஷியன்.

எங்கள் கார்டிங் ஹாலில், அதாவது பஞ்சைச் சீவும் இடத்தில், பன்னிரண்டு மெஷின்கள். அந்த ஹாலின் வரைபடத்தைச் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் கொண்டுவந்தது நான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெட்டி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. தூண், ஜன்னல், குடிதண்ணீர்க் குழாய் வரை அளந்து வரைந்தேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெடவில்லை. முதலாளி தன் போனிலும் அதைப் பார்ப்பார். ஒரு பெட்டி சிவந்தால் போதும், உடனே என்னைக் கூப்பிடுவார்.

டிவியால், வேலை பார்க்கிறவர்களுக்கும் நன்மைதான். மெஷினுக்குள் ஊசிப்பல் வைத்த பெரிய உருளை இருக்கிறது. முழு வேகத்தில் சுற்றும்போது அது அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். ஹாலின் இரைச்சலில் காதையும் நம்ப முடியாது. மூடியைத் திறந்தால் அதிலுள்ள ஒரு சுவிட்ச் மெஷினைத் தானாக நிறுத்திவிடும். ஆனாலும் திரும்பி டிவியைப் பார்த்து, பெட்டி சிவந்த பிறகுதான் உள்ளே கையை விட வேண்டும் என்று எல்லாரையும் பழக்கினேன். மூன்று வருஷம் ஒருவர் விரலிலும் கீறல் விழவில்லை.

சித்திரையில் பதினொன்றாம் நம்பர் மூடியின் சுவிட்ச் தளர்ந்துபோனது. மூடி மூடியிருக்கும்போதே மெஷின் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். புது சுவிட்ச் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மறுநாளோ, தங்கள் மில்களிலும் இப்படி டிவி மாட்டலாமா என்று பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதனால் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்து முறுக்கினேன். இனி மூடியைத் திறந்தாலும் மெஷின் நிற்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது விரல் நீள ஒயர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சூப்பர்வைசர் அந்த மெஷினையே நிறுத்திவைப்பார். பன்னிரண்டில் ஒன்று சிவப்பாகக் கிடக்கும்.

மறுநாள் பகல் பதினொரு மணி. ஹாலின் முகப்பிலுள்ள கண்ணாடி ரூமில் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாண்டிசெல்வி கதவைத் தட்டினாள். செட்டியார்பட்டிப் பெண், நான்கு வருஷமாக கார்டிங்கில் இருக்கிறவள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

“அண்ணாச்சி, பதினொன்னுல பஞ்சு அடைச்சிருக்கு. மூடியத் தெறந்துட்டேன். டிவில இன்னும் பச்சையாத்தான் நிக்கி. ஓடுதா, நின்னுட்டா?”

கண்ணாடிக்குள்ளிருந்து அவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒயரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். உள்ளே மேசையில் ஹால் முழுவதையும் நிறுத்தும் பொத்தானும் இருந்தது. அதை அமுக்கினால் பன்னிரண்டு பெட்டியும் சிவந்துவிடும்.

“நின்னுட்டும்மா. டிவி செத்த நேரம் கழிச்சுத்தான் காட்டும். நீ போயி எடு.”

“சரிங்கண்ணாச்சி,” என்று போனாள்.

பதினொன்றாம் நம்பர் ஹாலின் கடைசியில் இருக்கிறது. நடந்துபோக ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் உள்ளே திரும்பிப் போய், தூண்களை எப்படி அளந்தேன் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மெஷின் ஆண்டிச்சாமி கத்திக்கொண்டே ஓடிப்போய் அந்த மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கினார். பதினொன்றாம் பெட்டி சிவந்தது. “நிறுத்தின அடுத்த செகண்டே காட்டுதே,” என்று வந்தவர்களில் ஒருவர் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

மில் வேனில் அவளை மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது கை தோள்வரை போயிருந்தது. அவள் தலை என் மடியில் இருந்தது. “நின்னுட்டுன்னு சொன்னியளே அண்ணாச்சி,” என்றாள். கோபமாக இல்லை, ஏதோ சந்தேகம் கேட்பதுபோலத்தான். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் ரோட்டை அடைத்து நின்றன. அங்கேயே மூச்சு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அன்று சாயங்காலமே ஒயரை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் புது சுவிட்சும் வந்தது, மாட்டிவிட்டேன். விசாரணைக்கு வந்தவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள், மெஷின் ஒழுங்காக நின்றது. “டிவி லேட்டாத்தான் காட்டுமாம்னு சொல்லிட்டுத்தான் கைய விட்டா,” என்று ஆண்டிச்சாமி சொன்னார். டிவி தாமதமாகக் காட்டியதால் அவள் அதை நம்பாமல், உருளை நிற்பதற்குள் கையை விட்டதே காரணம் என்று எழுதினார்கள். அவள் புருஷன் தவசிமுத்து அதை என்னிடமே கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் டிவியைக் கழற்றிக் கழிவுப்பஞ்சு குடோனில் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை ஐயா.

அந்த டிவி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவள் கேட்டபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அது பச்சையைத்தான் காட்டியது. பொய் சொன்னது நான். அவளைக் கொன்றதும் நான்தான். அதை அப்படியே எழுதிக்கொண்டு, டிவியைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.