விளக்குக்காரன் ஆட்டத்தின் நிறைகுறைகள்

பழைய வீடியோ கேம் ஒன்றை எடைபோடுவதென்றால் முதலில் அதன் குதிப்பைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். கூரை கூரையாகத் தாவித் தெருவிளக்குகளை ஏற்றிக்கொண்டு போகிற இந்த விளக்குக்காரனில் குதிப்பு அருமை. பொத்தானைத் தொட்டுவிட்டால் சின்னதாக ஒரு துள்ளல், அழுத்திப் பிடித்தால் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு. இப்போது வருகிற பல ஆட்டங்களில் இந்த நேர்மை கிடையாது. விழுந்தால் தப்பு நம்முடையதுதான், ஆட்டத்தின் மேல் பழி போட முடியாது. அக்காவின் கைப்பயிற்சிக்கு ஒரு ஆட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, இதைத்தான் முதல் நாள் உங்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

குறைகளையும் நான் மறைக்கவில்லை. மூன்றாவது கட்டத்து வௌவால்கள் சொல்லாமல் கொள்ளாமல் வரும். திரை பின்னால் நகராது; ஏற்றாமல் விட்ட விளக்கு விட்டதுதான். பாட்டு ஒரே எட்டு வரி, அரைமணி நேரத்தில் தலைவலி நிச்சயம். விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை, ஒவ்வொரு முறையும் முதல் தெருவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் படித்துவிட்டு, "கடைசிக் குறை நமக்கு நல்லதுங்க. தினமும் அதே பாதை, அதே குதிப்பு. கை தேறுதா இல்லையான்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும்" என்றீர்கள். நீங்கள் பிசியோதெரபிஸ்ட், நான் பழைய கேம் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். கையைப் பற்றி நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, வலது கையால் லீவரைப் பிடித்து, கப்பலில் இருக்கும் கண்டெய்னரை எடுத்து லாரியின் மேல் சத்தமில்லாமல் வைப்பாள். நாற்பத்தொரு வயதில் பக்கவாதம். பேச்சும் காலும் பத்து நாளில் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, ரயிலில் இரண்டு நாள் தள்ளி வேறொரு துறைமுகத்தில். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். ஆறு மாதம் அந்த இடத்தை வைத்திருக்கிறோம், லீவர் சோதனையில் தேறினால் வரலாம் என்றார்கள்.

பதவி உயர்வு வந்த அன்று அந்தச் செய்தியை அவள் சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னாள். "இனிமே உன் துணியை நீயேதான் துவைச்சுக்கணும்டா, மெக்கானிக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

காலையில் நாற்பது நிமிடம் ஆட வேண்டும், வலது கட்டைவிரலால் மட்டும் குதிக்க வேண்டும், எந்தக் கட்டம் வரை போனாள் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய அட்டவணையில் குறிக்க வேண்டும். இது உங்கள் ஏற்பாடு. ஆறாவது கட்டத்தில் ஒரு ஆறு வரும், அதில் பலகைகள் மிதக்கும், கால் வைத்த உடனே முங்கும். "ஆறாவதைத் தாண்டிட்டாங்கன்னா லீவரும் கைக்கு வந்துடும்" என்று சொல்லியிருந்தீர்கள். முதல் வாரம் அவளால் தெருவைவிட்டே கிளம்ப முடியவில்லை. இரண்டாவது வாரம் வௌவால்களிடம் போனாள். இருபத்து மூன்றாம் நாள் ஐந்தாவது கட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அட்டவணையில் ஐந்து என்று குறித்துவிட்டு, ஆறாவது கட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் கன்ட்ரோலரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கடைக்கு எடுத்துப் போனேன். விரல் நகம் அளவு ஒரு சிப்பை, பொத்தானுக்கும் கம்பிக்கும் நடுவில் பற்றவைத்தேன். அது ஒன்றும் பெரிதாகச் செய்யாது. அழுத்தியதைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து அனுப்பும், அவ்வளவுதான். முதலில் கண் இமைக்கிற நேரத்தில் கால் பங்கு. கையில் யாருக்கும் தெரியாது, ஆனால் கூரை விளிம்பிலிருந்து விளக்குக்காரன் விழுந்துவிடுவான்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை திறந்தேன். இதைக் கண்ணுங்கருத்துமாகச் செய்தேன் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரேயடியாகக் கூட்டியிருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலையே பார்ப்பேன். விரல் எவ்வளவு தேறியதோ அவ்வளவுதான் கூட்டினேன், ஒரு துளி அதிகமில்லை. நான்காவது கட்டத்தில் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. நான்கு மாதம் அவள் அங்கேயே விழுந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உண்மையைச் சொல்லுடா. ஆட்டத்துல ஏதாவது கோளாறா, இல்ல என் கைதானா?"

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் நம்புவாள், இந்த விஷயத்தில் நான்தானே தெரிந்தவன். அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகமில்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் வந்ததும் முதலில் அட்டவணையைப் பார்ப்பீர்கள், அதற்குப் பிறகுதான் கை. நான்கு, நான்கு, நான்கு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு இவ்வளவுதாங்க திரும்பும்" என்று அவளிடமே சொன்னீர்கள். வாரம் மூன்று தடவை வந்தவர் ஒரு தடவை வர ஆரம்பித்தீர்கள். அவளும் ஐந்தாவது மாதத்தோடு விட்டுவிட்டாள். ஆட்டத்தை மட்டுமல்ல, வெந்நீரில் விரல் நீட்டுவது, பந்தை அமுக்குவது எல்லாவற்றையும். விரல்கள் உள்ளே மடங்கின. இப்போது பிரித்தால் வலிக்கிறது என்கிறாள். வேலை வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு இனி வேண்டாமே என்று மெஷினையும் கன்ட்ரோலரையும் உங்களிடம் கொடுத்தது என் தவறு. சின்ன வயதில் நீங்கள் இதை முழுக்க ஆடி முடித்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே சந்தில் நீங்களும் இருபது தடவை விழுந்திருக்கிறீர்கள். அப்போது நீங்கள் உங்கள் கையைச் சந்தேகப்படவில்லை, ஸ்குரூ டிரைவரை எடுத்தீர்கள். சரி, ஆமாம், அந்த சிப் என்னுடையதுதான். அக்காவின் கை தேறிக்கொண்டிருந்தது, அதைத் தேறவிடாமல் செய்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் உள்ளே போய் அவளிடம் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சொன்னால் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுவாள். ஒரு கையை வைத்துக்கொண்டு அவளால் தலைகூடப் பின்னிக்கொள்ள முடியாது, தினமும் நான்தான் பின்னிவிடுகிறேன். அவளைத் தனியாகத் தவிக்கவிடுகிற அளவுக்கு உங்களுக்குக் கல்மனசா?